கண் மை: பெயர் ஒன்று, பொருள் இரண்டு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேத்தி அமெரிக்காவில் பிறந்தபோது, என் மனைவி தன் தாயார் காட்டிக் கொடுத்த முறைப்படி விளக்கெண்ணெய் விளக்கேற்றி, கரி சேர்த்து, மை குழைத்து, ஒரு சிறிய வெள்ளிச் சிமிழில் அடைத்து அனுப்பினாள். குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும் சமயம் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். வீட்டில் பழைய பெயிண்ட் உண்டா, மண் பாத்திரங்கள் உண்டா என்ற கேள்விகளோடு, குழந்தைக்குக் காஜல் அல்லது சுர்மா இடுவதுண்டா என்றும் ஒரு கேள்வி. பெண் "உண்டு" என்று எழுதினாள். ரத்தப் பரிசோதனையில் காரீயத்தின் அளவு இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

அன்றிரவு தொலைபேசியில் நடந்த பேச்சு இனிமையானதல்ல. "அம்மா, நீ அனுப்பின மையாலதான்" என்றாள் பெண். "நாலு தலைமுறையா ஆத்துல இதே மைதான். எந்தக் குழந்தைக்குக் கண் கெட்டுப் போச்சு?" என்றாள் என் மனைவி. இருவர் குரலிலும் அழுகை இருந்தது. கல்லூரியில் ரசாயனம் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். விளக்குக் கரியில் காரீயம் எங்கிருந்து வரும்? விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சிமிழிலிருந்த மை இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு பெண் ஒரு கடையில் டப்பா வாங்கியிருக்கிறாள். அதன் மேல் "பாரம்பரியக் காஜல்" என்று இருந்ததே தவிர, உள்ளே இருப்பது என்ன என்று ஒரு வரியும் இல்லை. மை இடுவதை நிறுத்தினார்கள். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கிவிட்டது. அந்த டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. ஆகவே அதன் மேல் குற்றம் சாட்ட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் என்னை நெடுநாள் படிக்க வைத்தது. அந்தப் படிப்பின் சாரமே இக்கட்டுரை.

ஈயம் என்ற சொல்லைப் போல

நம் அகங்களில் ஈயச்சொம்பு ரசம் தெரியாதவர் இருக்க முடியாது. அந்த ஈயம் வெள்ளீயம். குழாய்க்கும் பாட்டரிக்கும் போவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். ஒன்று உணவுக்கு உகந்தது, மற்றது நஞ்சு. ஆயினும் பேச்சில் இரண்டும் ஈயம்தான். அதனால்தான் நம் பெரியவர்கள் கடைக்காரரிடம் சொம்பை வளைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கினார்கள்.

மை என்ற சொல்லின் கதையும் இதே போன்றது. மை என்றால் கருமை. எழுதும் மையும் மை, கண்ணுக்கு இடுவதும் மை. ஆனால் கண்ணுக்கு இடும் கருமை, நம் நாட்டில் தொன்றுதொட்டு இரண்டு வேறு மூலங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒன்று கல்லை அரைத்த பொடி. மற்றது விளக்கின் கரி. கல் என்றால், ஆன்டிமனி ஸல்பைடு ஆகலாம், அல்லது கலீனா எனப்படும் காரீய ஸல்பைடு ஆகலாம். இரண்டும் பளபளப்பான கருஞ்சாம்பல் நிறம். அரைத்தால் கறுப்புப் பொடி. கலீனாவின் எடையில் சுமார் 86 சதவீதம் காரீயம். விளக்குக் கரியோ பெரும்பாலும் வெறும் கார்பன்.

வடமொழியில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அஞ்சனம் என்பது பூசுதல் என்னும் பொருளுள்ள வினையடியிலிருந்து வந்த பொதுப் பெயர். பெரும்பாலும் கல்லையும் மருந்தையும் குறித்தது. கஜ்ஜலம் என்பது விளக்குக் கரி. ஹிந்தியின் காஜல் இந்தக் கஜ்ஜலமே. சுர்மா என்பது பாரசீக வழியாக வந்த சொல். அது கல்லின் பொடி. பெயர்கள் ஒழுங்காக இருந்த வரையில் குழப்பம் இல்லை.

வேதமும் சடங்கும்

அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில் அஞ்சனத்தையே விளித்துப் பாடும் ஸூக்தம் ஒன்று இருக்கிறது. இமயத்தின் திரிககுத் என்ற மலையில் கிடைத்த அஞ்சனம் அங்கே புகழப்படுகிறது. அலங்காரப் பொருளாக அல்ல, காக்கும் பொருளாக. சதபத பிராம்மணம் ஸோம யாகத்துக்கு தீக்ஷை கொள்ளும் யஜமானனின் கண்ணில் இந்த திரிககுத் அஞ்சனத்தை இடச் சொல்கிறது. இந்திரன் விருத்திரனைக் கொன்றபோது விருத்திரனின் கண்ணே அம்மலையாயிற்று என்பது அதற்கு அது கூறும் காரணம். மனிதர்கள் இடக் கண்ணில் முதலில் இடுவார்கள், தேவர் வழக்கப்படி வலக் கண்ணில் முதலில் இட வேண்டும் என்ற நுணுக்கமும் அதில் உண்டு. அந்த மலையின் அஞ்சனம் கிடைக்காவிட்டால் வேறு அஞ்சனத்தை இடலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருக்கிறது. அசல் சரக்கு கிடைப்பது அன்றைக்கே அரிதாக இருந்தது என்று கொள்ளலாம்.

மனு ஸ்ம்ருதி பிரம்மசாரிக்கு விலக்கிய பொருள்களில் எண்ணெய் தேய்த்துக் கொள்வதோடு கண்ணுக்கு அஞ்சனம் இடுவதையும் சேர்த்திருக்கிறது. படிப்பு முடிந்து ஸமாவர்த்தனம் ஆகும்போது குடை, பாதரக்ஷை, கண்ணாடி இவற்றோடு அஞ்சனமும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று கிருஹ்ய ஸூத்திரங்கள் கூறுகின்றன. இன்றும் நம் கல்யாணங்களில் காசி யாத்திரைக்குக் கிளம்பும் மாப்பிள்ளை பஞ்சகச்சமும் குடையும் விசிறியும் கைத்தடியுமாக நிற்கும்போது, பல குடும்பங்களில் கண்ணில் மை இட்டிருப்பார்கள். போட்டோவுக்காக இட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பிரம்மசரியம் முடிந்ததற்கு அடையாளமான அந்தப் பழைய அஞ்சனத்தின் எச்சமே அது என்பது என் எண்ணம்.

வைத்தியர்கள் பிரித்து வைத்தது

சரகர் ஸூத்ர ஸ்தானத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஸௌவீராஞ்சனத்தை நாள்தோறும் இடலாம் என்கிறார்; ரஸாஞ்சனத்தை ஐந்து நாளைக்கோ எட்டு நாளைக்கோ ஒரு முறை, கண்ணிலுள்ள நீரை வெளியேற்ற இட வேண்டும் என்கிறார். ஸௌவீரம் என்பது சிந்து நதியின் கீழ்ப்பகுதியை ஒட்டிய நாட்டின் பெயர். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கல்லுக்கு ஊர்ப் பெயரே நிலைத்தது. ரஸாஞ்சனம் கல்லே அல்ல, மரமஞ்சளைக் காய்ச்சி இறுக்கிய சாரம். ஸுச்ருதர் உத்தர தந்திரத்தில் அஞ்சனங்களைச் சுரண்டுவது, ஆற்றுவது, தெளிவிப்பது என்று செயலால் மூன்றாகவும், மாத்திரை, குழம்பு, பொடி என்று வடிவால் மூன்றாகவும் வகுத்தார். இவை யாவும் நோயறிந்து, அளவறிந்து வைத்தியர் கையாண்டவை.

இதைவிடத் தெளிவான சான்று பௌத்தர்களின் வினய நூலில் கிடைத்தது. பிக்ஷுக்களுக்குக் கண் நோய் வந்தபோது புத்தர் அனுமதித்த அஞ்சனங்களின் பட்டியல் மகாவக்கத்தில் உள்ளது. கருங்கல் அஞ்சனம், ரஸாஞ்சனம், ஆற்றுப் படுகையின் பெயர் கொண்ட ஸோதாஞ்சனம், காவிக்கல் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் கபல்லம், அதாவது விளக்குக் கரி, தனியாகச் சொல்லப்படுகிறது. சிமிழும் கோலும் எவற்றால் செய்யலாம் என்றும் விதி உண்டு: எலும்பு, தந்தம், கொம்பு, நாணல், மூங்கில், செம்பு, சங்கு என்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லும் கரியும் வேறு என்று பட்டியலிட்டு வைத்த நாடு இது.

மையிடும் கோல் நம் தமிழுக்கும் பழையது. மை தீட்டும்போது கோல் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதைத் திருக்குறளின் 1285ஆம் குறள் உவமையாகவே எடுத்தாள்கிறது. மொஹஞ்சதாரோ, ஹரப்பா அகழாய்வுகளில் கிடைத்த முனை மழுங்கிய செம்புக் குச்சிகளையும் கண்ணுக்கு மையிடும் கோல்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எகிப்தின் சான்று

கல் மையைப் பற்றி விஞ்ஞான முறையில் அதிகம் தெரிந்த இடம் எகிப்து. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள பழைய எகிப்தியக் கலயங்களில் ஒட்டியிருந்த மையைச் சோதித்த முடிவுகள் 1999இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. கலீனாவோடு, இயற்கையில் மிக அரிதான இரண்டு காரீயக் குளோரைடுகளும் அதில் இருந்தன. கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்திலேயே நீரும் உப்பும் கொண்டு அவற்றைத் தயாரித்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 2010இல் வந்த தொடர் ஆய்வு, மிக நுண்ணிய அளவிலான காரீயம் தோல் செல்களில் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியைத் தூண்டுகிறது, அது கிருமிகளை எதிர்க்க உதவியிருக்கலாம் என்றது. இதை மட்டும் படித்துவிட்டுக் காரீய மை கண்ணுக்கு மருந்து என்று எழுதுகிறவர்கள் உண்டு. சோதனைச் சாலையில் சில செல்களுக்கு நடந்தது வேறு. குழந்தையின் உடம்புக்குள் போவது வேறு.

இன்னொரு சுவையான செய்தி. அரபியில் இந்தப் பொடியின் பெயர் குஹ்ல். அடைமொழி சேர்ந்து அல்-குஹ்ல். மிக நுண்ணிய பொடி என்பதிலிருந்து, எதன் ஸாரத்துக்கும் அதே பெயர் பரவி, கடைசியில் ஆல்கஹால் என்ற சொல்லாயிற்று. ரசாயனம் படித்த நான்கு ஆண்டுகளும் இது எனக்குத் தெரியாது.

கரி மையின் பக்குவம்

இனி நம் வீட்டு மைக்கு வருவோம். என் மனைவி செய்யும் முறை இது. வெள்ளைப் பருத்தித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். சிலர் பொன்னாங்கண்ணிச் சாறும் சேர்ப்பார்கள். அதைத் திரியாக்கி, அகலில் விளக்கெண்ணெய் விட்டு ஏற்ற வேண்டும். இரு பக்கமும் செங்கல் வைத்து, மேலே கழுவித் துடைத்த தாம்பாளத்தைக் கவிழ்க்க வேண்டும். தாம்பாளம் மிகத் தாழ்ந்தால் விளக்கு அணைந்துவிடும். மிக உயர்ந்தால் கரி காற்றோடு போய்விடும். இரவு முழுவதும் எரிந்தால், காலையில் தாம்பாளத்தின் அடியில் பட்டுப் போன்ற கரி படிந்திருக்கும். அதைப் பனையோலை நறுக்கால் வழித்து, ஓரிரு சொட்டு விளக்கெண்ணெய் அல்லது நெய் விட்டுக் குழைத்தால் மை.

இதன் விஞ்ஞானம் எளிது. போதிய காற்றில்லாமல் எரியும் எண்ணெயின் கார்பன் முழுவதும் கரியமில வாயுவாக மாறுவதில்லை. எரியாத கார்பன் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் படிகிறது. அரைக்கவே தேவையில்லாத நுண்மை அது. விளக்கெண்ணெய் கெட்டியானது, மெதுவாகத் திரியில் ஏறும், ஆகவே நிதானமாக எரிந்து நிறையக் கரி தரும். குழைப்பதற்கும் அதே கெட்டித்தன்மை உதவுகிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திரியில் ஊறிய மூலிகை நெருப்பில் எரிந்த பிறகு அதன் குணம் கரியில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால், ரசாயனப்படி மிகச் சொற்பமே என்பதுதான் பதில்.

பல நகரங்களில் வாழும் நம் அங்கத்தினர்கள் அக்கம்பக்கத்தில் இதே பக்குவத்தை வேறு வடிவங்களில் பார்த்திருப்பார்கள். கேரளத்தில் தசபுஷ்பங்களில் ஒன்றான பூவாங்குறுந்தலின் சாறு திரிக்கு. வங்காளத்தில் கரியைப் பிடிக்கவும் மையை வைத்துக் கொள்ளவும் காஜல்லதா என்ற தனிக் கருவியே உண்டு. கல்யாணப் பெண் அதைக் கையில் வைத்திருப்பாள். வடக்கே குழந்தை பிறந்த ஆறாம் நாள் அத்தை காஜல் இட்டுப் பரிசு வாங்கிக் கொள்வாள். மணமகன் ஊர்வலம் கிளம்புமுன் மன்னி அவன் கண்ணில் மையிடுவாள். தீபாவளி இரவு விளக்கின் கரியைச் சேர்த்துக் காஜல் செய்வார்கள். இவை யாவும் விளக்குக் கரிதான். அதே வடக்கில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரம் சுர்மாவுக்குப் பேர் போனது. அது கல்லின் வழி. சுர்மா விற்றவரும் வாங்கியவரும் அதைச் சுர்மா என்றே சொன்னார்கள். காஜல் என்று சொல்லவில்லை.

பெயர் கலந்தபோது

விளக்கேற்றிக் கரி சேர்க்க நேரமில்லாமல் போனபோது டப்பா வந்தது. வளைகுடா நாடுகளிலும் எகிப்திலும் கடைச் சரக்கை வாங்கி ஆராய்ந்தவர்கள், ஒரே பெயரில் விற்ற பொருள்களில் சிலவற்றில் கலீனாவையும், சிலவற்றில் வெறும் கரியையும் கண்டார்கள். கொழுப்பில் குழைத்த பிறகு பார்வைக்கோ விரலுக்கோ வித்தியாசம் தெரியாது. ஈயச்சொம்பைப் போலத் தட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஆய்வகம் ஒன்றே வழி.

இங்கிலாந்தில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1968இலேயே வந்தது. 1978இல் சுர்மாவும் காரீய நஞ்சும் என்று மறுபடியும் எழுதினார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் 2011இல் ஓர் ஆறு மாதக் குழந்தையின் ரத்தத்தில் காரீயம் தெரிந்து விசாரித்தபோது, நைஜீரியாவிலிருந்து வந்த தீரோ என்ற கண் மை அகப்பட்டது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் காரீயம். நம் நாட்டுச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. நிறத்துக்காகக் காரீயக் கூட்டுப் பொருள் சேர்த்த அழகு சாதனங்களைத் தயாரிக்கக் கூடாது என்ற 1945ஆம் ஆண்டு விதிகளின் தடை, 2020ஆம் ஆண்டு விதிகளிலும் தொடர்கிறது.

கண்ணில் இட்டது ரத்தத்தில் எப்படிக் கலக்கும்? கலீனா தண்ணீரில் கரையாது என்பது உண்மை. ஆனால் குழந்தை கண்ணைக் கசக்கும். கசக்கிய விரலை வாயில் வைக்கும். வயிற்றிலுள்ள அமிலம் கரைக்கும். விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடம்பு ஏற்றுக் கொள்கிறது. அது முதலில் தாக்குவது வளரும் மூளையை. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆகவே "யாருக்குக் கண் கெட்டுப் போச்சு?" என்ற கேள்வியே இடம் மாறிக் கேட்ட கேள்வி. கெடுவது கண் அல்ல.

நமக்கு என்ன வழி?

என் மனைவியின் மை குற்றமற்றது என்று நான் பெண்ணிடம் சொன்னேன். அதில் காரீயம் வர வழியில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் விளக்குக் கரியும் குழந்தையின் கண்ணுக்குள் போகத் தேவையில்லாத பொருளே. முழுதும் எரியாத எண்ணெயின் தார் போன்ற மிச்சங்கள் அதில் உண்டு. பழைய நெய் கெடும். விரலின் அழுக்கும் கிருமியும் கண்ணுக்குப் போகும். குழந்தை மருத்துவர்கள் எந்த மையும் வேண்டாம் என்பது அதனால்தான். பச்சைக் கற்பூரம் சேர்த்தால் குளிர்ச்சி என்பார்கள். அந்தக் குளிர்ச்சி கண்ணின் எரிச்சலே.

அப்படியானால் திருஷ்டிக்கு? அதற்கும் நம் அகங்களில் வழி இருக்கிறது. ஜவ்வரிசியைக் கருக வறுத்து, நீர் விட்டுக் கொதிக்க வைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி வெயிலில் காய வைத்த சாந்து. கல்லும் இல்லை, விளக்கும் இல்லை. நெற்றியிலோ கன்னத்திலோ ஒரு பொட்டு போதும். உள்ளங்காலில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் காலையே வாயில் வைக்கும் வயது அது. வடக்கத்தியர்கள் போலக் காதின் பின்னால் வைப்பது உசிதம். திருஷ்டி படுகிறவர்கள் கண்ணுக்குப் பொட்டு தெரிந்தால் சரி. குழந்தையின் கண்ணுக்குள் போக வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

பெரியவர்கள் இட்டுக் கொள்ள விரும்பினால், வீட்டிலே கரி சேர்த்து அவ்வப்போது கொஞ்சமாகச் செய்து, தனக்கென்று ஒரு சிமிழ் வைத்துக் கொள்ளலாம். கடையில் வாங்கினால் உட்பொருள்களின் பட்டியல், தயாரிப்பாளரின் உரிமம் இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பாரம்பரியம் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

சென்ற ஆண்டு பெண் குழந்தையோடு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் என் மனைவி செங்கல்லை எடுத்து வைத்து, தாம்பாளத்தைத் தேய்த்து, பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "தாம்பாளம் எவ்வளவு ஒசரத்துல இருக்கணும்னு பார்த்துக்கோ" என்றாள். மறுநாள் காலை வழித்த மையைப் பெண் தன் கண்ணில் இட்டுக் கொண்டாள். பேத்திக்குக் காதின் பின்னால் ஜவ்வரிசிச் சாந்துப் பொட்டு.

அங்கத்தினர்கள் தங்கள் அகத்து மைப் பக்குவத்தை, எந்தச் சாறு, எந்த எண்ணெய், எந்த ஊர் வழக்கம் என்ற விவரத்தோடு எழுதி அனுப்பினால் இவ்விதழில் தொகுத்து வெளியிடலாம். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.